இழுவையா, நம்பகமா: இரண்டும் 3,500 என்றால் இரண்டும் ஒன்றா?

கொக்கிமாறன்:
பக்கத்து இழையில் அமைதிவண்டி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே ஒருவர் இரண்டு குதிரைகள் ஏற்றும் டிரெய்லர் வைத்திருக்கிறார். இழுக்க நல்ல வேகமான எஸ்யூவி எது என்று கேட்டார். அதற்கு இவர் கொடுத்த பதில்: "போர்ஷே கயென்னும் 3,500, லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 500எச்சும் 3,500. இழுப்பதில் வித்தியாசம் இல்லை. பழுதாகாததை வாங்குங்கள்."

ஐயா, கயென்னுக்குப் போட்டிருப்பது 3,500 கிலோ. ஆர்எக்ஸுக்கு அமெரிக்காவில் போட்டிருப்பது 3,500 பவுண்டு. அது 1,600 கிலோகூட வராது. ஒரு குதிரையே சராசரியாக 500 கிலோ வரும். டிரெய்லர் எடையையும் கூட்டிப் பாருங்கள். தெரியாமல் கேட்டவருக்கு இப்படியா பதில் சொல்வது?

அமைதிவண்டி:
பவுண்டோ கிலோவோ, நான் சொல்ல வந்தது மாறாது. என் பேச்சு நம்பகத்தன்மையைப் பற்றி. ஜே.டி. பவர் நிறுவனம் மூன்று வயதான வண்டிகளை வைத்து, நூறு வண்டிக்கு எத்தனை குறைகள் என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. அதில் லெக்ஸஸ் எத்தனை முறை முதலிடம் வந்தது என்று பாருங்கள். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் இதழின் பட்டியலிலும் அப்படித்தான். டிரெய்லரை வருடத்தில் சில நாள் இழுப்போம். மற்ற நாளெல்லாம் காலையில் வண்டி கிளம்ப வேண்டுமே?

கொக்கிமாறன்:
"பவுண்டோ கிலோவோ" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறீர்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு கிலோ 2.2 பவுண்டு. இரண்டுக்கும் நடுவில் 1,900 கிலோ இருக்கிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஜே.டி. பவர் கணக்குக்கும் வருகிறேன். வண்டிக்குள் இருக்கும் தொடுதிரை உறைந்து நின்றாலும் ஒரு குறை, எஞ்சின் போனாலும் ஒரு குறை. அந்த வண்டிகளில் எத்தனை டிரெய்லர் இழுத்தவை என்று அந்தப் பட்டியல் சொல்லாது. கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் வண்டி மூன்று வருடம் பழுதாகாமல் இருந்ததை வைத்து, இரண்டு டன் கட்டி மலை ஏறுவதற்குச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள்.

வி8விசிறி:
இரண்டு பேரும் சண்டை போடும் 3,500ஐத் தாண்டியே ஒரு வண்டி இருக்கிறது. டாட்ஜ் டுராங்கோ எஸ்ஆர்டி 392. அமெரிக்கக் கணக்கில் 8,700 பவுண்டு, கிட்டத்தட்ட 3,950 கிலோ. 6.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 475 குதிரைத்திறன், டர்போ கிடையாது. எஞ்சின் நடுவில் டர்போவைத் திணித்து வேகவைக்கிற ஜெர்மன் வேலை எதுவும் இல்லை. எல்லோரும் ஏன் இதை மறந்துவிடுகிறீர்கள் என்று புரியவில்லை.

ஆறுசிலிண்டர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நம்பகத்தன்மை என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறோம். சின்னக் குறைகள் வராமல் இருப்பதா, நடுவழியில் நிற்காமல் இருப்பதா, இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதா? அதேபோல இழுவைத் திறன் என்பதும் ஒரே அளவுகோல் இல்லை. அமெரிக்காவில் இழுவைத் திறனைச் சோதிக்க ஜே2807 என்று ஒரு தரநிலை உண்டு. அரிசோனாவில் டேவிஸ் அணை ஏற்றத்தில், கடும் வெயிலில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். அந்தத் தரநிலை வருவதற்கு முன் அவரவர் நிறுவனம் அவரவர் எண்ணைப் போட்டுக்கொண்டது. டொயோட்டாதான் 2011 மாடல்களில் அதை முதலில் ஏற்றது. ஐரோப்பிய எண்களின் கணக்கு வேறு: அங்கே கொக்கிமேல் இறங்கும் எடை இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் 140, 150 கிலோதான். அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம். ஆகவே 3,500 என்பதை எந்த நாட்டு எண் என்று பார்க்காமல் ஒப்பிட முடியாது. முதலில் இதைத் தெளிவாக்கிக்கொண்டு பேசலாமா?

அமைதிவண்டி:
பார்த்தீர்களா, லெக்ஸஸைச் செய்கிற டொயோட்டாதான் முதலில் ஏற்றது. நான் சொன்னது சரிதான்.

கொக்கிமாறன்:
ஆறுசிலிண்டர் எழுதியதில் தனக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போகிறார். அதே டொயோட்டா 2024இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டன்ட்ரா பிக்கப், லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது எஞ்சினுக்குள் உலோகத் துகள்கள் தங்கிவிட்டன. பேரிங் கெட்டு எஞ்சினே நின்றுபோகலாம். இழுக்கவே கட்டிய வண்டிகள் அவை. எங்கே போயிற்று உங்கள் நம்பகம்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். இழுவை எண் ஒரு விளம்பர வரி இல்லை. அந்த எண்ணைப் போட ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், கியர்பாக்ஸ் ஆயிலுக்குக் கூலர் வேண்டும், பின் சட்டகம் தாங்க வேண்டும், பிரேக் தாங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 5.8 டன், 7 சதவீத ஏற்றம், 80 கிலோமீட்டர் வேகம். புவியீர்ப்பை வெல்லவே சக்கரத்தில் 120 குதிரைத்திறன் வேண்டும். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் அதற்கு மேல். ஐந்து நொடியில் நூறைத் தொடுகிற வண்டி அந்த ஐந்து நொடிதான் மூச்சைப் பிடிக்கிறது. இங்கே கால் மணி நேரம் இடைவிடாமல் பிடிக்க வேண்டும். அந்த வெப்பத்தை வெளியே தள்ளத்தான் 3,500 கிலோ என்ற எண்ணுக்குப் பின்னால் அத்தனை உலோகம் இருக்கிறது. காலியாகப் போகும்போது அதே உலோகம் சும்மா இருக்கிறது, அதனால் தேய்வதும் குறைவு. அதிகம் இழுக்கிற வண்டிதான் நம்பகமான வண்டி. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே தவறு.

நெடுஞ்சாலைவாசி:
கொக்கிமாறன் அண்ணே, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள். 3,500 கிலோ போட்ட ஒரு வேகமான எஸ்யூவி என்னிடம் இருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். படகைக் கட்டிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது முதலில் ஏசியில் குளிர் குறைந்தது. அப்புறம் எஞ்சின் வெப்பம் காட்டும் ஊசி மெதுவாக ஏறியது. பானட் ஓரத்திலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் அந்த இனிப்பு வாடை வந்ததும் ஓரம் கட்டிவிட்டேன். மீட்பு லாரி வந்தது. காரை ஏற்றிக்கொண்டார்கள். டிரெய்லரை எடுக்க மாட்டோம், காப்பீட்டில் அது இல்லை என்றார்கள். படகு அங்கே, நான் இங்கே. இருட்டில் சாலையோரத்தில் படகுக்குக் காவல் நின்றவனிடம் வந்து 3,500 கிலோ என்று சொல்லிப் பாருங்கள். வெறும் கார் பழுதாவது வேறு, பின்னால் பாரத்தோடு பழுதாவது வேறு. அதனால்தான் இழுக்கிறவனுக்குத்தான் நம்பகத்தன்மை இன்னும் முக்கியம் என்கிறேன்.

கொக்கிமாறன்:
வருத்தம்தான். ஆனால் கூலன்ட் எப்போது மாற்றினீர்கள், வண்டிக்கு என்ன வயது என்று ஒரு வார்த்தை இல்லையே? பழைய வண்டியைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டு எண்ணைக் குறை சொல்வது எல்லோரும் செய்வதுதான்.

நெடுஞ்சாலைவாசி:
கவனிக்காமல் ஓட்டினேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை விடுபடவில்லை. முகம் தெரியாதவனைப் பொறுப்பில்லாதவன் என்பது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. டயர் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

கொக்கிமாறன்:
டயர் இழையில் நான் சொன்னது சரிதான் என்று எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே இழுக்க வேண்டாம்.

அமைதிவண்டி:
நெடுஞ்சாலைவாசிக்கு நேர்ந்ததுதான் என் வாதம். கயென் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒன்று. முதல் தலைமுறை கயென்னின் வி8 எஞ்சினில் கூலன்ட் குழாய்களைப் பிளாஸ்டிக்கில் போட்டார்கள். வெப்பத்தில் அவை வெடிக்கும். பிறகு அலுமினியக் குழாய் போட்டுச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பிஎம்டபிள்யூவின் என்63 வி8 எஞ்சினும் இருக்கிறது: டர்போ இரண்டையும் வி வடிவ எஞ்சினின் நடுப் பள்ளத்துக்குள்ளேயே வைத்தார்கள். டைமிங் செயினிலிருந்து பேட்டரி வரை தொல்லை. 2014 கடைசியில் அமெரிக்காவில் தனித் திட்டம் போட்டு வாடிக்கையாளர் வண்டிகளைச் சரிபார்த்தார்கள். இதுதானா உங்கள் "சும்மா இருக்கிற உலோகம்"?

கொக்கிமாறன்:
இருபது வருடத்துக்கு முந்தைய பிளாஸ்டிக் குழாயை இன்னும் எத்தனை நாளைக்குக் காட்டுவீர்கள்? அந்தக் குழாய் வெடித்த வண்டியும் குழாயை மாற்றியதும் 3,500 கிலோ இழுத்தது. ஆர்எக்ஸ் எதை மாற்றினாலும் இழுக்காது. பவுண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

டீசல்பக்தன்:
கயென் எஸ் டீசலை யாரும் சொல்லவில்லையே! 850 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2017இல் பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் 285 டன் ஏர்பஸ் ஏ380ஐ 42 மீட்டர் இழுத்துக் கின்னஸ் சாதனை செய்தது. 3,500 கிலோவெல்லாம் அதற்கு ஒரு சுமையா? 2018இல் போர்ஷே டீசலையே கைவிட்டது. அன்றோடு இந்த ரக வண்டிகளின் கதை முடிந்தது.

வி8விசிறி:
விமானம் இழுப்பதுதான் கணக்கு என்றால், 2012இல் லாஸ் ஏஞ்சலஸில் எண்டெவர் விண்வெளி ஓடத்தையே டொயோட்டா டன்ட்ரா பாலத்தின் மேல் இழுத்துப் போயிற்று. அதுவும் பெட்ரோல் வி8. டீசல் புகையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அமைதிவண்டி:
டன்ட்ரா. டொயோட்டா. குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறுசிலிண்டர்:
விமானத்தைச் சமதளத்தில் சில மீட்டர் நகர்த்துவதற்கும் ஏற்றத்தில் இழுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே சக்கர உராய்வை மட்டும் வென்றால் போதும். வெப்பம் ஏற நேரமே இல்லை, பிரேக்குக்கும் வேலை இல்லை. திரும்பவும் கேட்கிறேன், நம்பகத்தன்மை என்று எதைச் சொல்கிறோம்?

டீசல்பக்தன்:
கின்னஸ் சாதனையே சம்பந்தமில்லை என்கிறீர்களா? நீங்கள் எதை இழுத்திருக்கிறீர்கள்?

கொக்கிமாறன்:
ஆறுசிலிண்டர் சொல்வது சரி, விமானக் கதை வேண்டாம். அது எனக்கு ஆதரவான கதை என்றாலும் வேண்டாம். என் கயென்னை வைத்தே சொல்கிறேன். டிரெய்லரோடு ஏறும்போது எட்டாவது கியரை அது தேடுவதே இல்லை. ஐந்திலோ ஆறிலோ நின்றுவிடும். ஊசி நடுவை விட்டு அசையாது. இறக்கத்தில் கியரைக் கையால் குறைத்துக்கொண்டால் பிரேக் வாடையே வராது. எண் பொய்யாக இருந்தால் இதெல்லாம் நடக்குமா? தம்பி அமைதிவண்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அமைதிவண்டி:
யாருக்கு யார் தம்பி? என் வயது உங்களுக்குத் தெரியுமா? வண்டி ஓட்ட ஆரம்பித்த காலத்திலிருந்து டிரெய்லர் இழுத்தவன் நான். மரியாதையாகப் பேசினால் பதில் வரும்.

கொக்கிமாறன்:
பல வருடம் இழுத்தவருக்குப் பவுண்டும் கிலோவும் ஒன்றாகத் தெரிந்தால் எனக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. 3,500 பவுண்டு. 3,500 கிலோ. இதைப் பிழை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், ஐயா என்றே கூப்பிடுகிறேன்.

அமைதிவண்டி:
எழுத மாட்டேன். ஐரோப்பாவில் அதே ஆர்எக்ஸுக்கு வேறு எண் போட்டிருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். அப்புறம் இழுப்பதுதான் முக்கியம் என்றால் அதே லெக்ஸஸில் ஜிஎக்ஸ் 550 இருக்கிறது, 9,000 பவுண்டுக்கு மேல். உங்கள் கயென்னைவிட அதிகம். கிலோவில் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், அதில் கெட்டிக்காரர்தானே?

கொக்கிமாறன்:
இப்போது வண்டியையே மாற்றுகிறார். ஜிஎக்ஸ் நல்ல வண்டிதான், ஆனால் சட்டகத்தின் மேல் உட்கார்ந்த பாறை ஏறும் வண்டி அது. கேட்டவர் வேகமான எஸ்யூவி கேட்டார். அதில் இருப்பதும் திரும்ப அழைக்கப்பட்ட அதே 3.4 லிட்டர் வி6 குடும்பம்தான். நம்பகம் என்று தொடங்கி எங்கே வந்து நிற்கிறீர்கள்?

நெடுஞ்சாலைவாசி:
உங்கள் கயென்னில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றினீர்களா?

கொக்கிமாறன்:
அது வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்.

நெடுஞ்சாலைவாசி:
வாழ்நாள் ஆயில் என்பது கார் விற்பவன் பேச்சு. எட்டு கியர் பெட்டிகளைச் செய்து எத்தனையோ நிறுவனங்களுக்குக் கொடுக்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது, பாரம் இழுத்தால் இன்னும் முன்னாலேயே. நான் கவனிக்காமல் ஓட்டினேன் என்றவர் நீங்கள். 3,500 கிலோ இழுத்துக்கொண்டு ஆயிலை மாற்றாமல் ஓட்டுவதற்குப் பெயர் என்ன?

கொக்கிமாறன்:
என் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைத்தான் செய்கிறேன். இசட்எஃப் சொல்வது இசட்எஃப் விருப்பம். வண்டியைக் கட்டியவனுக்குத் தெரியாதது பெட்டி செய்தவனுக்குத் தெரியுமா? கியர் ஒருமுறைகூட வழுக்கியதில்லை.

வி8விசிறி:
டுராங்கோவிலும் எட்டு கியர்தான். அதில் ஆயிலை மாற்றிவிட்டு நான் நிம்மதியாக இருக்கிறேன். 3,950 கிலோ.

அமைதிவண்டி:
வாழ்நாள் ஆயிலை நம்புகிறவர் எனக்கு நம்பகத்தன்மை பற்றிப் பாடம் எடுக்கிறார். சரி, நடக்கட்டும்.

கொக்கிமாறன்:
ஆயில் பேச்சு வேண்டுமானால் தனி இழை திறங்கள், அங்கே வருகிறேன். டிரெய்லர் இழுப்பவர்களுக்கு டொயோட்டா கையேட்டிலேயே தனி சர்வீஸ் அட்டவணை போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள் அமைதிவண்டி. உங்கள் வண்டிக்கு எதை எதை முன்னாலேயே மாற்றச் சொல்கிறார்கள் என்று வரிவரியாகப் பார்ப்போம்.