பெருமாள் மேஸ்திரி வீதி உறவுகள்

செல்வி அத்தை: ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து சம்பந்தி வீட்டார் ஆறு பேர் வருகிறார்கள். மீனாட்சியைப் பலமுறை பார்த்தாகிவிட்டதாம், இந்த முறை ஊரைக் காட்டச் சொல்கிறார்கள். சம்பந்தியம்மாவுக்கு முட்டிவலி. யார் கூட வருவீர்கள்?

கண்ணன் சித்தப்பா: 👍

செல்வி அத்தை: கட்டைவிரல் போதாது கண்ணா. கார் வேண்டும்.

பெரியப்பா: விளக்குத்தூணில் தொடங்குங்கள். அது வெறும் கம்பம் அல்ல, கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. 1840களில் மதுரைக் கோட்டையை இடிக்க வைத்தவர். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அங்கேயே மனை என்றார். அந்த வேலையில் முன்நின்றவர்கள் பெயர்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும்.

அம்மா: மதியச் சாப்பாடு எங்கே?

பெரியப்பா: நான் முடிக்கவில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றி மாதப் பெயரில் வீதிகள். அவற்றைத் தாண்டினால் கோட்டை. ஆக, தாத்தா வீடு நின்ற இடம் ஒரு காலத்தில் மதிலாகவோ அகழியாகவோ இருந்திருக்கும். அதை விற்க அவசரப்பட்டது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை.

கண்ணன் சித்தப்பா: எழுதிவிட்டீர்களே.

பிரபு: அப்பா, போதும்.

அம்மா: அவர்கள் சைவமா?

செல்வி அத்தை: சுத்த சைவம். கறிதோசைப் பேச்சையே எடுக்காதீர்கள். ஜிகர்தண்டா, பருத்திப்பால் போதும்.

கண்ணன் சித்தப்பா: ஜிகர்தண்டாவில் கடல்பாசி போடுவார்களே, அது சைவமா?

அம்மா: பாசி செடிதானே?

பிரபு: பாதாம் பிசின் போடும் கடையும் இருக்கிறது. அது மரத்துப் பிசின்.

செல்வி அத்தை: சம்பந்தியிடம் போய் இதை ஆராயாதீர்கள். குடித்துவிட்டுப் போகட்டும்.

நான்: புது மண்டபம் காட்டலாமா அத்தை?

செல்வி அத்தை: கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டனவே. தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடும், என் பாவாடையெல்லாம் அங்கே தைத்ததுதான். இப்போது சிற்பம் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

பெரியப்பா: சிற்பம் தெரிய வேண்டும் என்றுதானே திருமலை நாயக்கர் கட்டினார்!

நான்: மாலையில் தெப்பக்குளம். சம்பந்தியம்மா நடக்க வேண்டாம், படிக்கட்டில் உட்காரலாம்.

கண்ணன் சித்தப்பா: தண்ணீர் நிற்கிறதா? நாங்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிய குளம்.

செல்வி அத்தை: நீ அடித்த பந்தில் அண்ணன் மூக்கு உடைந்த குளம்.

பெரியப்பா: அதையும் நான் சொல்லவில்லை.

பிரபு: மேலமாசி வீதியில் காந்தி அரையாடைக்கு மாறிய வீடு? 1921. கீழே கதர்க்கடை.

அம்மா: சம்பந்தி கதர் கட்டுபவர், மகிழ்வார். தங்குவது எங்கே செல்வி? நம் வீட்டில் ஆறு பேருக்கு இடம் இல்லையே.

செல்வி அத்தை: அறை போட்டுவிட்டார்கள்.

அம்மா: எங்கே?

செல்வி அத்தை: மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில்.

பிரபு: எந்த லாட்ஜ்?

செல்வி அத்தை: அதேதான். அவர்களாகவே போட்டார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கண்ணன் சித்தப்பா: …

அம்மா: யாரும் எதையும் சொல்லித்தொலைக்காதீர்கள்.

பெரியப்பா: எத்தனையாவது மாடி?

செல்வி அத்தை: தரைத்தளம் கேட்டிருக்கிறார்கள், முட்டிவலி.

பெரியப்பா: கிணறு இருந்த பக்கமா, திண்ணைப் பக்கமா?

செல்வி அத்தை: அண்ணே, கிணறெல்லாம் இப்போது எங்கே. நீங்கள் வருகிறீர்களா இல்லையா?

பெரியப்பா: பார்க்கலாம்.

கண்ணன் சித்தப்பா: கார் நான் தருகிறேன். டிரைவர் கிடைப்பாரா பாருங்கள்.

அம்மா: மதியச் சாப்பாடு இன்னும் முடிவாகவில்லை.