பழைய மீன் தொட்டி வாங்கி ரீஃப் (பவளம் வளர்க்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டி) வைத்தவர்கள் சொல்லுங்கள்

பெரம்பூரிலிருந்து:

கொளத்தூரில் புதுத் தொட்டிக்கு விலை கேட்டுவிட்டு வந்த பிறகுதான் பழையதைத் தேட ஆரம்பித்தேன். அண்ணா நகரில் வீடு காலி செய்கிறவர்கள் ஒரு நாலடித் தொட்டி இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 மி.மீ. கண்ணாடி. ஃபிளவர்ஹார்ன் மீன் வளர்த்த தொட்டி. தூசியைத் துடைத்தால் பளபளவென்றுதான் இருந்தது.

அந்தப் பளபளப்பில் மயங்கினால் போச்சு. பார்க்க வேண்டியது கண்ணாடிகளை ஒட்டுகிற சிலிகான் பசையை. மூலைகளில் உள்பக்கம் பட்டையாகத் தெரிகிறதே, அது காவலுக்கு மட்டும்தான். தொட்டியை இழுத்துப் பிடித்திருப்பது இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இருக்கிற மெல்லிய படலம். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஒரே சீராக இருந்தால் நல்லது. நடுவில் வெள்ளிப் பூச்சு போலத் திட்டு தெரிந்தால் ஒட்டு விட்டுப்போய்க் காற்று நுழைந்துவிட்டது என்று அர்த்தம், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். இதில் நடுப்படலம் சுத்தம். பின் மூலையில் உள்பட்டை மட்டும் நகம் வைத்தால் கிளம்பி வந்தது. பேரம் பேச அது போதாதா?

கீறலையும் பாருங்கள். உள்பக்கக் கீறல் தண்ணீர் நின்றதும் பாதி மறைந்துவிடும். வெளிப்பக்கக் கீறல் அப்படியே கண்ணில் குத்தும்.

அப்புறம் தொட்டியின் பூர்வீகம். "மீனுக்கு மருந்து ஏதாவது ஊத்துனீங்களா சார்?" என்று கேட்டேன். "நீலமா ஒண்ணு ஊத்துவோம், பேர் ஞாபகம் இல்லப்பா" என்றார். நீலம் என்றால் மெத்திலீன் ப்ளூவாகவும் இருக்கலாம், காப்பர் சல்பேட்டாகவும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் வம்பு. மீன் தாங்குகிற அளவு காப்பரை இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. சிலிகானே காப்பரைக் குடித்து வைத்திருக்கும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதைவிடச் சுண்ணாம்புப் படிவத்தின் மேல்தான் சந்தேகம். காப்பர் அதில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி, நீர்மட்டக் கோட்டில் காரை பூசியது மாதிரி இருந்தது. தொட்டியைப் படுக்கவைத்து, எலுமிச்சை உப்புக் கரைசலில் நனைத்த துணியைப் பரப்பி ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் பிளேடு வைத்து வழித்தால் தகடு தகடாக உரிந்தது. பிளேடு சிலிகான் பக்கம் போகவே கூடாது. சோப்பு, ஃபினாயில் எதுவும் வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர் போடுவதென்றால் வேறொரு நாளில் போடுங்கள். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கடைசியில் ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பிச் சில நாள் நிறுத்திவைத்து, டெஸ்ட் கிட்டில் பார்த்தேன். காப்பர் இல்லை.

வேளச்சேரியிலிருந்து:

கிளம்பின பட்டையை என்ன செய்தீங்க அண்ணே? பழைய சிலிகான் மேல் புது சிலிகான் பிடிக்காது. என் தொட்டியில் உள்பட்டையை எல்லா மூலையிலும் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகுதான் பூசினோம். பாத்ரூமுக்கென்று விற்கிற, பூஞ்சை பிடிக்காத ரகம் மட்டும் வேண்டாம், அதில் இருக்கிற மருந்து உயிருக்கு ஆகாது. புது சிலிகானிலிருந்து வருகிற வினிகர் வாடை முழுசாகப் போகும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது.

சம்ப் (கீழே வைக்கிற ஃபில்டர் தொட்டி) வைக்க ஓட்டை போடுகிறவர்களுக்கு ஒன்று. டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியில் டிரில் வைத்தால் முழுசும் பொரியாக உதிர்ந்துவிடும். லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள், போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு முன்னால் நின்று பாருங்கள். திட்டுத் திட்டாகவோ வானவில் மாதிரியோ தெரிந்தால் டஃபன்டு. சாதாரணக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அடிக்கண்ணாடியைத் தனியாகப் பாருங்கள், சிலர் அதை மட்டும் டஃபன்டு போட்டிருப்பார்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

நாலடித் தொட்டியில் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 255 லிட்டர் வரும். கண்ணாடி 50 கிலோவுக்கு மேல். அதனால் குட்டியானையில் ஏற்றும்போதே ஆள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், லிஃப்டில் நுழையுமா என்றும் அளந்துவிடுங்கள். லீக் பார்ப்பதைத் தரைத்தளத்திலேயே, சமமான இடத்தில், அடியில் தெர்மாகோல் போட்டுச் செய்யுங்கள். அடியில் நியூஸ்பேப்பர் விரித்தால் துளி கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். தொட்டியோடு இலவசமாக வருகிற ஆங்கிள் ஸ்டாண்டை நான் தொட மாட்டேன். எங்கள் பக்கம் கடல் காற்றே இரும்பைத் தின்றுவிடும், அதில் உப்புத் தண்ணீர் தெறிப்பும் சேர்ந்தால் வெல்டிங் இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.

தொட்டியில் மிச்சம் பிடித்த காசைச் சில்லருக்கு (தண்ணீரைக் குளிர்விக்கிற மெஷின்) எடுத்து வையுங்கள். ரீஃபுக்கு 25, 26 டிகிரி வேண்டும். மே மாதம் ஏ.சி. இல்லாத அறையில் தண்ணீர் 30-ஐத் தாண்டிவிடும். ஃபேன் கொஞ்சம் இறக்கும், ஆனால் தண்ணீர் வற்றும். வற்றியதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு உள்ளேயே நிற்கிறதே.

பழைய தொட்டியோடு பவளக் கல்லையும் சேர்த்துத் தருகிறேன் என்பவர்களிடம் ஜாக்கிரதை. ரீஃப் கட்டுகிற பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் எடுத்ததென்றால் வைத்திருப்பவர்தான் மாட்டுவார்.

பெரம்பூரிலிருந்து:

பட்டையை முழுக்கச் சுரண்டிப் புதுசாகப் பூசிவிட்டேன் தம்பி, வாடை போகத்தான் காத்திருக்கிறேன். பவளக் கல்லுக்குப் பதில் செராமிக் கல்தான். அந்த போலரைஸ்டு சோதனையை இன்று ராத்திரி செய்துவிட்டுச் சொல்கிறேன்.