ஜிம் றீவ்ஸுக்கு அப்பால் யாரைக் கேட்பது?

உவர்மலையான்:
வணக்கம். நத்தார் நெருங்கினால் திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் அமெரிக்கப் பாடகர் ஜிம் றீவ்ஸின் குரல்தான் ஒலிக்கும். அண்மையில் அப்பாவின் பழைய ஒலிநாடாக்களை எடுத்துத் துடைத்தபோது, உப்புக்காற்றில் மை மங்கிய அவரது கையெழுத்தில் பாடல்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. எழுதியவர் பெயர் ஒன்றுக்கும் இல்லை. அமெரிக்கக் கன்ட்ரி இசையில் பாடுபவரேதான் எழுதுவாரா? இவருக்கு அப்பால் யாரைக் கேட்கலாம்?

பாலையூற்றுக்காரர்:
தம்பி, ஜிம் றீவ்ஸ் பெரும்பாலும் பிறர் எழுதியதைப் பாடியவர். ‘ஹீல் ஹாவ் டு கோ’ என்ற பாடலை எழுதியவர்கள் ஜோ அலிசன், ஓட்ரி அலிசன் என்ற தம்பதியினர். றீவ்ஸின் திறமை குரலைக் கையாண்ட விதத்தில் இருந்தது. 1953 இல் ‘மெக்சிகன் ஜோ’வை உரத்துப் பாடியவர், 1957 இல் ‘ஃபோர் வோல்ஸ்’ பாடலுக்கு ஒலிவாங்கியை நெருங்கி நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். முன்னர் வானொலி அறிவிப்பாளராக இருந்தவராதலால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்; ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்த நம்மவர்களுக்கு அவர் இவ்வளவு நெருக்கமானதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

தாமே எழுதிப் பாடியவர் என்றால் ஹாங்க் வில்லியம்ஸைக் கேளுங்கள். 1953 புத்தாண்டு நாளில், 29 வயதில், கச்சேரிக்குப் போகும் வழியில் காருக்குள்ளேயே இறந்துபோனவர். ‘ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை’ பாடலில் இரவுப் பறவையின் குரலையும் நள்ளிரவுப் புகையிரதத்தையும் வைத்தே தனிமையைச் சொல்லிக்கொண்டு போகிறார். பிரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது கடைசிக் கண்ணியில்தான் நமக்குத் தெரியவருகிறது.

நிலாவெளிக் கிற்றார்:
ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் பெண்களை அடியோடு விட்டுவிட்டார். 1927 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் நடந்த ஒலிப்பதிவில்தான் கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானார்கள். அக்குடும்பத்துப் பெண் மேபெல், கட்டைவிரலால் கிற்றாரின் தடித்த தந்திகளில் மெட்டை மீட்டிக்கொண்டே மற்ற விரலால் மெல்லிய தந்திகளைத் தடவித் தாளமும் சேர்ப்பார். கேட்க எளிதாகத் தோன்றும். எனக்கோ கட்டைவிரல் சொல்வழி கேட்க மூன்று மாதம் பிடித்தது.

எழுதுபவர் என்ற கேள்விக்குப் பாடகி டொலி பார்ட்டனே நல்ல விடை. 1974 இல் வெளியான ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாடலை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பியபோது, வெளியீட்டு உரிமையில் பாதியை அவரது முகாமையாளர் கேட்டார். டொலி கொடுக்க மறுத்துவிட்டார். 1992 இல் விட்னி ஹூஸ்டன் பாடி அது உலகெங்கும் ஒலித்தபோது உரிமை டொலியிடமே இருந்தது.

பாலையூற்றுக்காரர்:
பெண்களை விட்டது என் பிழைதான். இன்னும் இருவரையும் விட்டுவிட்டேன். சிறுவன் ஹாங்கிற்கு இசை பழக்கியவர், தெருவில் பாடிப் பிழைத்த ரூஃபஸ் பெய்ன். கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுத் தேடியபோது, அவர் சொற்களை எழுத, மெட்டுகளை மனத்தில் பதித்து வந்தவர் லெஸ்லி ரிடில். இருவரும் கறுப்பினத்தவர்கள். அப்படிச் சேர்த்த பாடல்கள் பலவற்றுக்கு எழுதியவராகப் பதிவானது கார்ட்டரின் பெயர். ஆகவே தம்பி, அப்பாவின் ஒலிநாடாவில் பெயர்களை எழுதிச் சேர்க்கும்போது சற்று இடம் விட்டே எழுதுங்கள்.