சிவிட்டாவெக்கியாவில் கப்பல் நிற்பது 12 மணி நேரம்: அம்மாவோடு ரோம் போய்த் திரும்ப முடியுமா?

கோவை நித்யா:
வணக்கம். வரும் அக்டோபரில் பார்சிலோனாவில் ஏறி ஏழு நாள் மத்தியதரைக் கடல் குரூஸ் போகிறோம். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயது மகன், 67 வயது அம்மா. மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கப்பல் ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகமான சிவிட்டாவெக்கியாவில் நிற்கிறது. காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குக் கிளம்பும். 6.30-க்குள் ஏறிவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

கப்பல்காரர்களின் ரோம் டூருக்கு நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் விமான டிக்கெட் ஒன்றின் விலை வந்துவிடுகிறது. அதனால் நாங்களே ரயிலில் போகலாம் என்று யோசனை. என் திட்டம்: 9.30-க்கு வாட்டிகன் மியூசியம், சிஸ்டைன் சேப்பல்; 12-க்கு செயின்ட் பீட்டர்ஸ் பசிலிக்கா; 2-க்கு கொலோசியம்; 4-க்கு ட்ரேவி நீரூற்று; 5 மணிக்கு ரோமின் பெரிய ஸ்டேஷனான டெர்மினியில் ரயில். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. இந்தத் திட்டம் சரிவருமா? ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா சிங்கிள் என்ட்ரி (ஒரே முறை நுழைய) போதுமா என்றும் சொல்லுங்கள்.

ரோமில் ஆறு வருடம்:
முதல் ஓட்டை நாளில்தான் இருக்கிறது நித்யா. ஞாயிற்றுக்கிழமை வாட்டிகன் மியூசியம் கிடையாது. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும்தான் திறப்பார்கள். சிஸ்டைன் சேப்பலுக்கு மியூசியம் வழியாகத்தான் போக முடியும் என்பதால் அதுவும் போச்சு. அந்தத் தேதிக்கு யாராவது இணையத்தில் டிக்கெட் விற்றால் என்ன விற்கிறார்கள் என்று இரண்டு முறை படியுங்கள்.

பசிலிக்கா ஞாயிறும் திறந்திருக்கும், நுழைவு இலவசம். ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும். போப் ரோமில் இருக்கும் ஞாயிறுகளில் பகல் 12 மணிக்கு ஜன்னலில் தோன்றி ஜெபம் சொல்வார், சதுக்கம் நிரம்பிவிடும். நீங்கள் குறித்திருக்கும் அதே 12 மணி! அதற்கு முன்பே உள்ளே போய் வந்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். அம்மா புடவை என்றால் கவலையில்லை. மகனுக்கு அரை டிராயர் போடாதீர்கள்.

கோவை நித்யா:
ஐயோ, நல்ல வேளை. இன்று இரவு டிக்கெட் போடுவதாக இருந்தேன்!

பழைய கப்பல்காரன்:
தங்கச்சி, நான் குரூஸ் கப்பலில் 14 வருடம் வேலை பார்த்தவன். 5 மணிக்கு டெர்மினியில் ரயில் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. டெர்மினியிலிருந்து லோக்கல் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். இறங்கும்போதே 6.15. ஸ்டேஷனிலிருந்து கப்பலுக்கு இன்னும் அரை மணியாவது வேண்டும். கணக்கே இடிக்கிறது.

கப்பல்காரர்களின் டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. நேரம் நெருங்கினால் பெயர் சொல்லி அறிவிப்பார்கள். அப்புறம் கேபின் லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, கரையில் இருக்கும் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு ஏணிப் பாலத்தை இழுத்துவிடுவார்கள். கடைசி நிமிடத்தில் இரண்டு கையிலும் பையோடு ஓடி வருகிறவர்களுக்கு மேல்தளத்தில் நின்று கை தட்டுகிற கூட்டமும் உண்டு. பாலம் எடுத்தபிறகு வந்து நின்ற ஒரு தம்பதியை நானே பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் கப்பலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே நின்றார், கோபத்திலா பழக்கத்திலா தெரியவில்லை.

தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக ஏஜென்ட் நம்பர் இருக்கும். இறங்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வழிகாட்டி இல்லாமல் ரோமில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிற பஸ்ஸை மட்டும் பல கப்பல்களில் தனியாக விற்பார்கள். டூரைவிட மலிவு, தாமதமானால் கப்பல் நிற்கும். அம்மாவை வைத்துக்கொண்டு போகிற உங்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

ரயில் பைத்தியம்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் ரயிலை அப்படியே தள்ளிவிட வேண்டாம். டெர்மினியை மறந்துவிடுங்கள். அதற்கு முன்பே ரோமா சான் பியெத்ரோ என்று ஸ்டேஷன் வரும். சிவிட்டாவெக்கியாவிலிருந்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். இறங்கி பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் பசிலிக்கா. திரும்பும்போதும் அங்கேயே ஏறுங்கள். டெர்மினியில் இந்த லைன் பிளாட்பாரங்கள் 25-க்கு மேல், மெயின் ஹாலிலிருந்து நடந்துகொண்டே இருக்க வேண்டும், அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. வேக ரயில்கள் சான் பியெத்ரோவில் நிற்காது, லோக்கலாகப் பார்த்து ஏறுங்கள்.

கப்பலடியிலிருந்து இலவச பஸ் லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்தில் விடும். அங்கிருந்து ஸ்டேஷனுக்குக் கட்டண பஸ் அல்லது டாக்சி. நடந்தால் அரை மணி நேரம், அம்மாவை நடக்கவிடாதீர்கள்.

காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் பிளாட்பாரப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். மொபைல் டிக்கெட் என்றால் ஏறும் முன் செக்-இன் அழுத்த வேண்டும். மறந்தால் அபராதம், சுற்றுலாப்பயணி என்ற சலுகை கிடையாது. போர்டில் நான்கு சொற்கள் தெரிந்தால் போதும்: பினாரியோ என்றால் பிளாட்பாரம், ரிதார்தோ தாமதம், சொப்ரெஸ்ஸோ ரத்து, ஷோப்பெரோ வேலைநிறுத்தம். கடைசியில் சொன்னதற்கு அங்கே சீசனே கிடையாது, எப்போதும் வரும். முந்தைய வாரமே தேடிப் பாருங்கள்.

ரோமில் ஆறு வருடம்:
கொலோசியத்துக்கு உள்ளே போகும் ஆசையை இந்த முறை விடுங்கள். நேரம் குறித்த டிக்கெட், சோதனை, படி என்று இரண்டரை மணி நேரம் விழுங்கும். பசிலிக்கா முடிந்ததும் டாக்சியில் நவோனா சதுக்கம், அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் பாந்தியன் (பழங்கால ரோமக் கோயில், இப்போது சர்ச்), இன்னும் பத்து நிமிடத்தில் ட்ரேவி. பாந்தியனில் ஞாயிறு 10.30-க்குத் திருப்பலி, அந்த நேரத்தில் விடமாட்டார்கள். நுழைவுக்கு 2023-இல் 5 யூரோ கட்டணம் வைத்தார்கள்.

தரை முழுக்கச் சின்னச் சின்னக் கருங்கல் பதித்திருக்கும், முழங்கால் வலிக்காரர்களுக்கு எமன். அம்மாவுக்குத் தடிமனான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுவிடுங்கள். 64-ஆம் நம்பர் பஸ் சான் பியெத்ரோவையும் டெர்மினியையும் இணைக்கும், மலிவுதான். ஆனால் பிக்பாக்கெட்டுக்குப் பேர்போன வண்டி. கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வாங்காதீர்கள். தெருவில் இரும்புக் குழாய் ஓயாமல் ஒழுகும், குடிதண்ணீர்தான். குழாயின் மூக்கை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளையிலிருந்து தண்ணீர் எழும்பும், குனியாமல் குடிக்கலாம். உங்கள் மகன் அங்கேயே நின்றுவிடுவான்.

சைவ வயிறு:
அம்மாவுக்காக ஒன்று. போண்டா மாதிரி உருண்டையாகப் பொரித்து வைத்திருப்பார்கள், பெயர் சுப்ளி. உள்ளே சோறுதான் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் கொத்துக்கறி இருக்கும். பார்மிசான் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியும், பெக்கொரினோ ரொமானோ சீஸில் ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியும் சேர்ப்பார்கள். சீஸ் இல்லாமல் தக்காளி மட்டும் தடவிய பிட்சா ரொஸ்ஸா எடைபோட்டு வெட்டித் தருவார்கள், அதைக் கேளுங்கள். ஒரு டப்பா எலுமிச்சைப் பொடி ஊரிலிருந்து எடுத்துப்போனால் அம்மா ஆசீர்வாதம் செய்வார்கள்.

ரயில் பைத்தியம்:
விசா: எல்லாத் துறைமுகமும் ஷெங்கனுக்குள் என்றால் சிங்கிள் போதும். துனிஸ் மாதிரி வெளியே ஒன்று இருந்தாலும் மல்டிபிள் கேளுங்கள்.

கோவை நித்யா (மூன்று வாரம் கழித்து):
போய் வந்துவிட்டோம்! பஸ்ஸா ரயிலா என்று கடைசிவரை சண்டை. எங்கள் கப்பலில் அந்த பஸ் நிரம்பிவிட்டதால் ரயில்தான். 9.20-க்கு சான் பியெத்ரோ, சோதனை வரிசை முக்கால் மணி நேரம். பாந்தியனில் நுழைந்தபோது நல்ல மழை. கூரையின் நடுவில் இருக்கும் வட்டத் துளை வழியாக மழை நேரே தரையில் விழுகிறது. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். நடுவில் தரையிலிருக்கும் ஓட்டைகளில் தண்ணீர் வடிகிறது. அம்மா அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "முற்றத்து வீடு மாதிரி இருக்கு" என்றார்.

அதனால் ட்ரேவிக்கு நேரமில்லை. மகனுக்கு வருத்தம். குழாய்த் தண்ணீரில் சட்டையை நனைத்துக்கொண்டு ஆறிவிட்டான்.

3 மணி ரயிலுக்கு நின்றோம். போர்டில் சட்டென்று சொப்ரெஸ்ஸோ. பக்கத்தில் நின்ற வெளிநாட்டுக் குடும்பம் அதே ரயிலுக்காகப் பெட்டியோடு பிளாட்பாரத்தில் காத்திருந்தது. நான்தான் போய் அர்த்தம் சொன்னேன். அரை மணி கழித்து வந்த ரயிலில் நின்றுகொண்டே வந்தோம், ஒரு பையன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான். 5 மணிக்குக் கப்பலில் டீ.

அண்ணா, நீங்கள் சொன்ன கை தட்டும் கூட்டத்தில் அன்று நாங்களும் மேல்தளத்தில் இருந்தோம். ஓடி வந்தவர்கள் மூன்று பேர். ஏற்றிக்கொண்டார்கள்.