பக்தியில ஈகோ ஒளிஞ்சிருந்து மாட்டின அனுபவம் உண்டா? எனக்க கதையைச் சொல்லி தொடங்குறேன்

ஓட்டக்காரன் (மார்த்தாண்டம் பக்கம்)

ஏழெட்டு வருசமா சிவாலய ஓட்டம் ஓடுறேன். வெளியூர்காரங்களுக்கு மட்டும் சொல்லிடுறேன், எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல சிவராத்திரிக்கு முந்தின நாள் சாய்ங்காலம் முஞ்சிறை திருமலையில தொடங்கி மறுநாள் ராத்திரி திருநட்டாலத்துல முடியும், மொத்தம் 12 சிவன் கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல வரும். காவி வேட்டி, கையில ஓலை விசிறி, வாயில "கோவிந்தா கோபாலா". ஒவ்வொரு கோயில் குளத்துலயும் முங்கிட்டு ஈரத்தோட போய் சாமிக்கு விசிறணும்.

சிவன் கோயிலுக்கு ஓடுறவன் எதுக்குலே கோவிந்தான்னு விளிக்கான்னு கேப்பாங்க. எங்க பாட்டி சொல்லுற கதை இது. பீமனுக்கு நம்மள மாதிரி பலசாலி உண்டான்னு ஒரு கர்வம், அதை அடக்கணும்னு கிருஷ்ணர் 12 ருத்ராட்சத்தை கையில குடுத்து புருஷாமிருகத்துக்க பாலை வாங்கிட்டு வான்னு அனுப்பிட்டாரு. புருஷாமிருகம் பாதி மனுசன் பாதி மிருகம், சிவபக்தின்னா உசிரு, ஆனா கோவிந்தாங்குற பேரு காதுல விழுந்தா கொலைவெறி வந்திரும். பீமன் அந்த பேரைச் சொல்லவும் அது வெரட்ட, இவன் ஓட, பக்கத்துல வந்தப்பல்லாம் ஒரு ருத்ராட்சத்தை கீழ போட, அது லிங்கமா மாற, புருஷாமிருகம் வெரட்டுறதை விட்டுட்டு உக்காந்து பூசை செய்ய, இப்படி 12 இடம். சின்னதுல இது பீமனுக்க ஈகோ கதைன்னுதான் நெனச்சேன். இப்பம் யோசிச்சா புருஷாமிருகத்துக்குத்தான் கூடுதல் ஈகோ. எனக்க சாமி, எனக்க பேரு, வேற பேரு கேட்டா கடிப்பேன்னு இருந்திருக்கு பாருங்க.

சரி, எனக்க விசயத்துக்கு வாறேன். ரெண்டு வருசம் முன்னாடி புதுசா ஸ்மார்ட் வாட்ச் வாங்கி கட்டிட்டு ஓடுனேன். எத்தனை ஸ்டெப்பு, ஹார்ட் ரேட்டு எவ்வளவு, எந்த கோயில் எத்தனை மணிக்குன்னு எல்லாம் அதுல ஏறிட்டே இருக்கு. வழியில பைக்லயும் வேன்லயும் வாறவங்கள பாக்கும்போது உள்ளுக்குள்ள ஒரு எளக்காரம், இதெல்லாம் ஒரு ஓட்டமா, பிக்னிக் போறானுவன்னு. வாய் கோவிந்தான்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு. கல்குளம் வந்து சேரும்போது நல்ல சீணம். அங்க ஒரு பாட்டி சுக்கு வெள்ளம் குடுத்துட்டு நிக்கா. எத்தனாவது கோயில் மக்ளேன்னா. நான் நெஞ்சை நிமித்தி, "ஏழாவது பாட்டி, வண்டி ஏறல, ஓடியே வந்தேன்"னேன். அவ அதை காதுல வாங்குன மாதிரியே தெரியல. டம்ளரை நீட்டிட்டு "விசிறி எங்க?"ன்னா.

இல்ல. பன்னிப்பாகம் குளத்தங்கரையில செல்ஃபி எடுக்க கீழ வச்சவன் அப்படியே வந்துட்டேன். சாமிக்கு விசிறுறதுக்குத்தான் இந்த ஓட்டமே, அந்த விசிறி இல்லாம ஸ்டெப்பு எண்ணிட்டு வந்திருக்கேன். நான் முழிச்சிட்டு நிக்கத பாத்துட்டு வேன்ல வந்த ஒரு அண்ணன், முட்டு வலிக்கு பெல்ட் போட்டுருந்தாரு, "எங்க ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும் தம்பி"ன்னு அவருக்கதை தந்துட்டாரு.

கேவலம் இதோட முடியல. வீட்டுக்கு வந்து இதையே எழுதி ஸ்டேட்டஸ் போட்டேன், "இன்னைக்கு என் ஈகோ ஒடைஞ்ச நாள்"னு. எத்தனை பேரு பாத்திருக்காங்கன்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க எடுத்து எடுத்து பாத்தேன். ஒடைஞ்சது எதுன்னு இப்பமும் பிடிகிடைக்கல. நீங்களும் உங்க கதையைச் சொல்லுங்க.

கொளச்சல் வலைக்காரன்

அண்ணே சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கு. எனக்கு சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துல, அதான் சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்கும்போது, நடந்துச்சு. முழங்கால்ல நின்னு வரிசையா சொல்லும்போது கொஞ்சம் கெத்தான பாவத்தையெல்லாம் முதல்ல தெளிவா சொல்லுவேன், கோவப்பட்டேன், சண்டையில ஒருத்தனை அடிச்சேன், இப்படி. அசிங்கமானதை கடைசில முணுமுணுன்னு வேகமா சொல்லி முடிச்சிருவேன். ஒருநாள் சாமியார், "கடைசில சொன்னதை மட்டும் திருப்பி சொல்லுங்க"ன்னுட்டாரு. கூட்டாளிக்க பங்குல 200 ரூவா கொறச்சு குடுத்த விசயம் அது. பாவம் சொல்லுற இடத்துலயே நான் இமேஜ் பாத்துட்டு இருந்திருக்கேன்.

சாமித்தோப்பு பக்கத்துல ஒரு அக்கா

எனக்கு ஈகோன்னு சொன்னாலே கொஞ்சம் எரிச்சல் வரும், மன்னிச்சிருங்க தம்பி, உங்கள சொல்லல. நான் வேலை பாத்த ஒரு எடத்துல சம்பளம் கூட்டி கேட்டேன், ஈகோன்னாங்க. வீட்டுல சொத்துல பங்கு கேட்டேன், அதுக்கும் ஈகோ. ஒரு தியான கிளாஸுக்கு போனேன், அங்கயும் "உங்க ஈகோவை கழட்டி செருப்போட வெளிய விடுங்க"ன்னாங்க, நானும் ஆன்மீகம்னா இதான் போலன்னு ரெண்டு வருசம் எதுவுமே கேக்காம வாயை மூடிட்டு இருந்தேன். மனசு அமைதியாச்சான்னு கேட்டா இல்ல, ராத்திரி பல்லைக் கடிச்சு கடிச்சு தாடைதான் வலிச்சுது.

எங்க பதியில, அதான் அய்யா வழி கோயில்ல, ஆம்பளையாளுவ தலைப்பாகை கெட்டித்தான் உள்ள போவாங்க, மத்த எடத்துல சாமி முன்னாடி தலைத்துண்டை அவுக்கணும், இங்க கெட்டணும். திருவிதாங்கூர் காலத்துல எங்க சாதி ஆளுவளுக்கு தலையில துண்டு கெட்டக்கூடாது, பொம்பளைக்கு மாரை மறைக்க தோள்சீலை போடக்கூடாதுன்னு இருந்துச்சு, அந்த காலத்துலயாக்கும் அய்யா வழியை தொடங்குன அய்யா வைகுண்டர் தலைப்பாகை கெட்டி வாங்கன்னு சொன்னது. அவரை பிடிச்சு திருவனந்தபுரத்துல ஜெயில்ல கூட போட்டாங்க. அந்த ஆளுவ கிட்ட போய் ஈகோவை விடுன்னு யாராவது சொன்னா எப்படி இருக்கும் யோசிங்க.

ஆனா உள்ள போனா செலை கெடையாது கேட்டியளா, கண்ணாடியாக்கும். விளக்கு வெளிச்சத்துல ஒனக்க மூஞ்சிதான் தெரியும். எங்கப்பா எனக்க மோனுக்கு தலைப்பாகை கெட்டிவிட்டுட்டு, "குனியாத மக்ளே, அவுந்திரும்"னாரு. பய நிமிந்து நின்னான். நான் பின்னால நின்னு அந்த கண்ணாடியில என்னைப் பாத்தேன். ரெண்டு வருசமா எதுவும் கேக்காம இருந்ததுல எனக்கே ஒரு திமிரு இருந்துச்சு, "நான் எவ்வளவு பொறுமைசாலி, இவங்க எல்லாம் பேராசை பிடிச்சவங்க"ன்னு. அது அந்த மூஞ்சியில அப்பட்டமா இருந்துச்சு. அடுத்த மாசம் பங்கு கேட்டேன். கேக்கும்போது கோவமே வரல, அதான் எனக்கு ஆச்சரியம். பங்கு இன்னும் கெடைக்கல, அது வேற கதை.

தக்கலை

எங்க ஊரு பீர்முகம்மது அப்பா தர்காவுல ஆண்டு விழா ராத்திரி ஞானப்புகழ்ச்சி பாடுவாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க, பீர்முகம்மது அப்பா எழுதுன பாட்டுதான், அவரு சூஃபி ஞானி, நெசவு செஞ்சு பொழச்சவருன்னு சொல்லுவாங்க. எனக்கு தொண்டை நல்லா இருக்கும், வாப்பா காலத்துலேருந்து முன்வரிசைதான். ஒரு வருசம் ஜலதோசம் பிடிச்சு சத்தமே வரல, பின்னால போய் தூணோரம் உக்காந்தேன். முதல் ஒரு மணி நேரம் முழுக்க எவன் எங்க ராகம் தப்புறான்னுதான் கவனிச்சேன், ஓர்மையா சொல்லுறேன், மூணு பேரு தப்புனாங்க. பெறவு எப்பமோ அலுத்துப் போச்சு. அலுத்த பெறவுதான் பாட்டு கேட்டுச்சு. வருசக்கணக்கா பாடுன வரி, அர்த்தம் அன்னைக்குத்தான் உள்ள போச்சு.

ஓட்டக்கார அண்ணனுக்கு ஒண்ணு. இந்த ஈகோவை எங்கள்ல நப்ஸ்னு சொல்லுவோம். குர்ஆன்ல அதுக்கு மூணு நெலை வரும். அம்மாரான்னா தப்புக்கு தூண்டி விடுறது, லவ்வாமான்னா தன்னைத்தானே குத்தம் சொல்லிக்கிடுறது, முத்மயின்னான்னா அமைதியானது. நீங்க ரெண்டாவதுல நிக்கிறீங்கன்னு தோணுது. அது முதல்லதை விட எவ்வளவோ கொள்ளாம், ஆனா அங்க ரொம்ப நேரம் நிக்கக்கூடாதுன்னு எங்க வாப்பா சொல்லுவாரு, தன்னைத் திட்டுறதுலயும் ஒரு ருசி இருக்காம்.

வடசேரி பஸ் ஸ்டாண்டு

எல்லாரும் ஈகோன்னா திமிருன்னு வச்சுப் பேசுறீங்க. மனசை ஆராய்ஞ்ச ஃபிராய்டு ஜெர்மன்ல எழுதும்போது சும்மா "நான்"னுதான் எழுதுனாரு, மொழிபெயர்த்தவங்க லத்தீன்ல ஈகோன்னு ஆக்கிட்டாங்க. நம்ம ஆளுவளும் மனம், புத்தி, சித்தம், அகங்காரம்னு நாலா பிரிச்சு, அகங்காரத்தை உள்ள வேலை செய்யுற ஒரு கருவியாத்தான் வச்சாங்க. அது இல்லாம ரோடு கிராஸ் பண்ண முடியாது, சாய்ங்காலம் அஞ்சு மணிக்கு வடசேரியில பஸ்ல சீட்டு பிடிக்கவும் முடியாது. கொல்லாதீங்க, பாவம்.

ஓட்டக்காரன்

வடசேரி அண்ணாச்சி சொன்னது சரியாத்தான் இருக்கு. அக்கா, நீங்க எழுதுனத எனக்க வீட்டுக்காரிட்ட வாசிச்சு காட்டுனேன், "ஒங்க கதையை விட இது கொள்ளாம்"னுட்டா, கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. தக்கலைக்காரரே, ருசி இருக்கத்தான் செய்யுது.

அடுத்த சிவராத்திரிக்கு வாட்சை வீட்டுல வச்சிட்டு ஓடுவேன்னு இங்க எழுத வந்தேன், அடிச்சிட்டு அழிச்சிட்டேன். ஒரு உதவி மட்டும். அந்த விசிறி இன்னும் எனக்க வீட்டுச் சொவருல தொங்குது, அண்ணனுக்க பேரு கூட கேக்கல. வெள்ளை வேன், அஞ்சாறு பேரு, வலது முட்டுல பெல்ட். கல்குளம் குளத்தங்கரையில ராத்திரி யாராவது பாத்திருந்தா சொல்லுங்க, திருப்பி குடுக்கணும்.