சிமுலேஷன் ப்ராஜெக்ட் இழுத்துக்கொண்டே போகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

குழம்பிய_இன்ஜினியர்:
ஓசூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கிரைண்டிங் மெஷின் முன்னால் பீஸ்கள் குவிகின்றன, இரண்டாவது மெஷின் வாங்கலாமா என்று சிமுலேஷன் (ஷாப்பைக் கணினியில் மாடலாக ஓட்டிப் பார்ப்பது) செய்து பார்க்கச் சொன்னார்கள். ஆறு வாரம் என்று ஒத்துக்கொண்டேன், மூன்று மாதம் ஓடிவிட்டது. சிம்பை (SimPy) என்ற பைத்தான் லைப்ரரியில் எழுதுகிறேன். ஒவ்வொரு மீட்டிங்கிலும் ஃபோர்க்லிஃப்டைச் சேர், ஷிஃப்ட் மாறுவதைச் சேர், திரையில் வண்டி ஓடுகிற மாதிரி காட்டு என்று ஏதாவது ஒன்று கூடுகிறது, நானும் சேர்த்துச் சேர்த்து மாடல் ஊதியதுதான் மிச்சம். அது சொல்லும் உற்பத்தி நிஜத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். எங்கே தப்பு என்று பிடிபடவில்லை.

பழைய_கை:
மெஷின் நின்ற நேரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? பிரேக்டவுன் ரிஜிஸ்டர்தானே? அதை முதலில் சந்தேகப்படுங்கள். நான் பார்த்த ஒரு ரிஜிஸ்டரில் எல்லா நிறுத்தமும் 15, 30, 45 நிமிடம்தான், ஷிஃப்ட் முடியும்போது சூப்பர்வைசர் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிட நிறுத்தம் எதுவும் அதில் ஏறாது. ஒரு ஷிஃப்ட் முழுக்க ஸ்டாப்வாட்ச்சோடு மெஷின் பக்கத்தில் நில்லுங்கள்.

அப்புறம், என்ன முடிவு எடுக்க இந்த மாடல், எந்த எண்ணைப் பார்த்து எடுக்கப் போகிறார்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். இனி யார் எதைச் சேர்க்கச் சொன்னாலும் அந்தப் பக்கத்தை நீட்டுங்கள். ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

வரிசைக்காரன்:
தூக்கிப் போடுவதற்கு முன்னால் சோதிக்க வேண்டும் அண்ணா. 1996 ஜூனில் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய 40 விநாடி வாக்கில் சிதறியதே, அதன் வழிகாட்டும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4-இலிருந்து வந்தது, முழு அமைப்பையும் சிமுலேட் செய்தபோது நிஜக் கருவிக்குப் பதிலாக அதைப்போல நடிக்கும் ஒரு மாட்யூலைத்தான் வைத்திருந்தார்கள். தப்பு இருந்ததோ விட்டுவிட்ட அந்தக் கருவியில். ஃபோர்க்லிஃப்ட் நேரத்தைப் பூஜ்யமாக்கி ஒரு தடவை, இரட்டிப்பாக்கி ஒரு தடவை ஓட்டுங்கள், விடை அசையவில்லை என்றால் தாராளமாக விடலாம்.

ஒரே ஒரு ரன்னை வைத்துப் பேசாதீர்கள். ஒரு மெஷின், இரண்டு மெஷின் இரண்டுக்கும் அதே சீடுகளை (ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்கள்) கொடுத்து முப்பது தடவையாவது ஓட்டி வித்தியாசத்தைப் பாருங்கள். மாடல் பீஸ் எதுவும் இல்லாத காலி ஷாப்பில் தொடங்குவதால் முதல் சில மணி நேரத்துக் கணக்கைக் கழித்துவிட வேண்டும்.

கால்குலேட்டர்_போதும்:
மூன்று மாதமா! ஒரே மெஷின், வருகையும் வேலை நேரமும் தாறுமாறாக இருக்கும் வரிசையில் (இதற்கு எம்/எம்/1 என்று பெயர்), மெஷின் 80% நேரம் பிஸி என்றால் ஒரு பீஸ் சராசரியாக 4 பீஸ் வேலை நேரம் காத்திருக்கும். 90% என்றால் 9, 95% என்றால் 19. உங்கள் ஷாப் அப்படியே இதற்குள் அடங்காது, ஆனால் ரிஜிஸ்டரில் ஏறாத குட்டி நிறுத்தங்கள் 80-ஐ 90 ஆக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இது போதும். சிமுலேஷனுக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு.

குழம்பிய_இன்ஜினியர்:
இரண்டு ஷிஃப்ட் நின்றேன், கால் போய்விட்டது. வீல் டிரஸ்ஸிங், அதாவது கிரைண்டிங் வீலைச் சீவிக் கூராக்குவது! ஒரு ஷிஃப்டில் 11 தடவை, தடவைக்கு நாலு நிமிடம், ரிஜிஸ்டரில் ஒரு வரிகூட இல்லை. 480 நிமிடத்தில் 44 அங்கேயே போச்சு. அது போக, முதல் பீஸைப் பார்க்க க்யூசி (தரச் சோதனை) ஆள் வரும்வரை மெஷின் சும்மா நிற்கிறது. ஆபரேட்டரிடம் கேட்டால், "இதை யாரும் கேட்கவே இல்லையே சார்" என்கிறார். இரண்டையும் சேர்த்தபின் வித்தியாசம் 4 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் நேரத்தை இரட்டிப்பாக்கியும் விடை அசையவில்லை, எடுத்துவிட்டேன். இப்போது க்யூசி காத்திருப்பைப் பாதியாக்கி, ஒரே மெஷினில் சமாளிக்க முடிகிறதா என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்து கிடைத்தது, ஆனால் அனிமேஷனை மட்டும் மேனேஜர் விடமாட்டேன் என்கிறார். நாலு பெட்டி நகர்கிற மாதிரி ஏதாவது செய்து கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.