மாங்கட்டையில் முளைத்த விசிறி

குழு: மேலத்தெரு வீடு

செல்வி: (படம்) போன வருஷம் வெட்டிப் போட்ட மாங்கட்டையில், மழை விட்டதும் இப்படி முளைத்திருக்கிறது. சிப்பிக் காளான்தானே? ஒரு கிண்ணம் தேறும். மிளகு போட்டு வறுக்கட்டுமா?

சித்தப்பா: அடுப்பைப் பற்ற வைக்காதே. ஒன்றைப் பிடுங்கிக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைப் படம் எடு. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வை.

ராஜி அத்தை: எதற்கு இவ்வளவு? அம்மா பூண்டு போட்டு வேகவைப்பாள். பூண்டு கறுக்காவிட்டால் நல்ல காளான்.

சித்தப்பா: அந்தப் பூண்டுச் சோதனை, வெள்ளிக் கரண்டிச் சோதனை இரண்டையும் நம்ப முடியாது அக்கா. ஆளைக் கொல்லும் காளானோடு வெந்தாலும் பூண்டு வெள்ளையாகவே இருக்கும். அம்மா பறித்தது புற்றுக் காளான். அது அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

செல்வி: (படம்) நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. காம்பே இல்லை. மேலே சாம்பல் வெள்ளையில் பூனைக்குட்டி முதுகு மாதிரி மயிர். அடியில் விசிறி மடிப்பு.

சித்தப்பா: மடிப்பைப் பெரிதாக்கிப் பார். ஒவ்வொன்றும் விளிம்பில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கிறதா?

செல்வி: ஆமாம்! பிளேடால் கீறினது மாதிரி!

சித்தப்பா: அப்போது சிப்பி இல்லை. சிப்பியில் மடிப்பு இப்படிப் பிளக்காது, சதையும் மெத்தென்று இருக்கும். இது ஸ்கைசோஃபில்லம் கம்யூன். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் பட்ட மரத்தில் வரும்.

கதிர்: விஷமா சித்தப்பா?

சித்தப்பா: மணிப்பூரில் காங்லாயென் என்று பெயர், சந்தையில் வாங்கிச் சமைக்கிறார்கள். ஆனால் போனில் படம் பார்த்து நான் சொன்னதை நம்பி யாரும் வாயில் வைக்க வேண்டாம். மென்றாலும் ரப்பர்தான்.

ராஜி அத்தை: வாத்தியார் ஓய்வு பெற்றும் வகுப்பை விடவில்லை.

பெரியப்பா: தம்பி, நம் தென்னை ஒன்றில் அடிமரத்தை ஒட்டிப் பழுப்பாக, பலகை மாதிரி ஒன்று வந்திருக்கிறது. அதுவும் இதுதானா?

சித்தப்பா: இல்லை அண்ணே, அதுதான் கவலை. வார்னிஷ் அடித்த மாதிரிப் பளபளப்பாக இருந்தால் கானோடெர்மா என்ற வேறு காளான். தஞ்சாவூர் வாடல் நோய் என்பார்களே, 1952 புயலுக்குப் பிறகு நம் பக்கம் பரவியதே, அது. அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிகிறதா பாருங்கள். காளான் வெளியே தெரியும்போது மரம் உள்ளே ரொம்பக் கெட்டிருக்கும். சுற்றிக் குழி எடுத்துப் பக்கத்து மரங்களுக்குப் போகாமல் தடுக்க வேண்டும். நாளைக் காலை வருகிறேன்.

பெரியப்பா: சரி. வரும்போது மண்வெட்டி கொண்டு வா.

(மூன்று நாள் கழித்து)

செல்வி: (படம்) சித்தப்பா, ஜன்னலில் காயப்போட்டது சுருண்டு அப்பளமாகிவிட்டது. தண்ணீர் தெளித்தேன். ரெண்டு மணி நேரத்தில் திரும்ப விரிந்துவிட்டது! உயிர் இருக்கிறதா இதற்கு?

சித்தப்பா: இருக்கிறது. வெயிலில் அந்தப் பிளந்த மடிப்பைச் சுருட்டி மூடிக்கொள்ளும், மழை வந்தால் திறந்து ஸ்போரை, அதாவது விதை மாதிரியான தூளை, உதிர்க்கும். இன்னொன்று கேள். இதில் ஆண், பெண் என்று இரண்டு கிடையாது. 20,000க்கும் மேற்பட்ட வகை. ஏறக்குறைய எந்த வகையும் எதனோடும் சேரும்.

ராஜி அத்தை: காளானுக்கு அத்தனை பொருத்தம். கதிருக்கு ஆறு வருஷமாக ஒரு ஜாதகம் பொருந்தவில்லை.

கதிர்: அத்தை, தென்னை என்ன ஆனது என்று கேளுங்கள்.